டிஷ்வாஷர் அடியில தண்ணி நிக்குது, கிளாஸெல்லாம் வெள்ளை பூத்த மாதிரி. திருகோணமலையில ஆரும் திருத்தத் தெரிஞ்சாக்கள் இருக்கா?

உப்புவெளிக்காரி:

வணக்கம், கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன், கோவிக்காதேங்கோ. இவர் கட்டார்ல வேலைய முடிச்சுக்கொண்டு வரேக்க யூபிபியில, அதுதான் ஆளோட வராமத் தனியா அனுப்புற சாமானோட, ஒரு டிஷ்வாஷரையும் போட்டு விட்டவர். அங்க ரெண்டு வருசம் பாவிச்சதாம், ஒரு கரைச்சலும் தரேல்லையாம். இங்க வந்து இப்ப எட்டு மாசம். முதல் ரெண்டு மூண்டு மாசம் அருமையா ஓடினது, மாமி மெசினுக்குக் கிட்ட கதிரையப் போட்டு இருந்துகொண்டு "உள்ளுக்க ஆரோ நிண்டு கழுவுற மாதிரியெல்லோ சத்தம் கேக்குது" எண்டு சொல்லிச் சிரிப்பா. இப்ப அவவே "நான் அப்பவே சொன்னனான்" எண்டு தொடங்கீட்டா.

பிரச்சினை ஒண்டில்ல. கழுவி முடிஞ்சு கதவத் திறந்தா அடியில ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி நிக்குது, மஞ்சளா, மேல எண்ணெய் மிதந்துகொண்டு, மீன் வெடுக்கு வேற. கிளாஸ், பீங்கான் எல்லாத்திலயும் வெள்ளையா ஒரு படை, காஞ்ச பிறகு விரலால தேய்ச்சா மா மாதிரி இருக்கும் ஆனா போகாது. மூண்டாவது, இதுதான் எனக்கு விளங்கவே இல்ல, பின்னேரத்தில போட்டா பாதியில பைப் படம் போட்ட லைட் எரிஞ்சு அப்பிடியே நிண்டுடும், அதையே விடியக் காலமை போட்டா ஒழுங்கா ஓடும். மெசினுக்கும் நேரம் காலம் பாக்கத் தெரியுமோ?

இன்னொண்டும் சொல்லவேணும், சொல்ல வெக்கமாக் கிடக்கு. கட்டார்ல இருந்து கொண்டு வந்த டாப்லெட் முடிஞ்ச பிறகு இங்க கிடைச்ச பவுடர்தான் போட்டனான், போன மாசம் அதுவும் முடிஞ்சு போச்சு, சரி எல்லாம் சவர்க்காரம்தானே எண்டு சிங்க்கில பாவிக்கிற லிக்விட்ட ரெண்டு மேசைக்கரண்டி விட்டு மெசினப் போட்டுட்டு குளிக்கப் போனன். வந்து பாத்தா கதவு விளிம்பால புசுபுசு எண்டு நுரை, குசினி நிலம் முழுக்க, பூனை அலுமாரிக்கு மேல ஏறி நிக்குது. அதாலதான் பழுதாப் போச்சோ தெரியேல்ல. கொழும்பில ஒரு இடத்துக்கு எடுத்துக் கேட்டம், இங்க வாங்காத மெசின வந்து பாக்கமாட்டினமாம், கொண்டு வந்து தந்தா பாப்பினமாம். 45 கிலோ சாமான இங்க இருந்து கொழும்புக்கு ஆர் ஏத்தி இறக்கிறது. தண்ணி எங்கட கிணத்துத் தண்ணிதான், மோட்டர் போட்டு மேல டாங்குக்கு ஏத்திறம். தெரிஞ்சாக்கள் வழி சொல்லுங்கோ.

ஓர்ஸ்ஹில் பொடியன்:

அக்கா மெசின வித்துப்போட்டு அண்ணைய சிங்க்கடியில விடுங்கோ. எப்பிடியும் வெளிநாட்டில தனிய இருந்து சமைச்சுக் கழுவின மனுசன்தானே, அனுபவம் இருக்கும்.

குறடும் திருப்புளியும்:

தங்கச்சி, விக்கிறதப் பிறகு பாப்பம். நான் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் குசினி மெசின்கள் பாக்கிறனான், இடைக்கிடை வீட்டு மெசினும் வரும். நீங்கள் எழுதினத வாசிக்க மெசின் பழுது மாதிரி எனக்குத் தெரியேல்ல. மூண்டும் மூண்டு வேற கதை, ஒண்டுக்குள்ள ஒண்டப் போட்டுக் குழப்பாதேங்கோ.

முதல்ல அடியில நிக்கிற தண்ணி. பிளக்கைக் கழட்டுங்கோ, சுவிட்ச நிப்பாட்டினா மட்டும் காணாது. கீழ்த்தட்ட வெளிய இழுத்து எடுங்கோ. நிக்கிற தண்ணிய ஸ்பொஞ்சால ஒத்தி ஒத்தி வாளிக்குள்ள பிழியுங்கோ. அடியில பேணி மாதிரி ஒரு வடிகட்டி இருக்கும், இடப்பக்கமாத் திருப்பினா கையோட வரும், அதோட தட்டையா ஒரு சல்லடையும் வரும். ரெண்டையும் பழைய டூத்பிரஷ்ஷால சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுத் தேயுங்கோ. மாசத்துக்கு ஒருக்காக் கழுவினாக் காணும் எண்டு எழுதியிருப்பாங்கள், அவங்கள் பால்சொதியும் மீன் குழம்பும் வைக்கிறேல்லத்தானே, எங்கட சமையலுக்குக் கிழமையில ஒருக்காவாவது கழுவ வேணும். தேங்காய்ப்பால் கொழுப்பும் மஞ்சளும் சேந்து அந்தச் சல்லடையில களி மாதிரிப் பிடிக்கும், அதுக்கு மேல கறிவேப்பிலை, ரம்பை, கடுகு எல்லாம் ஒட்டி மெத்தை போட்டிருக்கும். ஒரு வீட்டில நான் கழட்டேக்க வடிகட்டியத் தனியா அடையாளம் காணவே ஏலாம இருந்தது.

வடிகட்டி துப்பரவா இருந்தும் தண்ணி போகேல்லையெண்டா, அது இருந்த பள்ளத்துக்குள்ள ஒரு பக்கமா சின்ன பிளாஸ்டிக் மூடி தெரியும், கரண்டிக் காம்பால நெம்பினா வரும், சில மெசின்ல ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதுக்குப் பின்னாலதான் கழிவுத் தண்ணி பம்பின்ர விசிறி. விரல விட முதல் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, உடைஞ்ச கிளாஸ் துண்டு அதுக்கதான் போய் ஒளிஞ்சிருக்கும், எனக்கு நடு விரல்ல தழும்பு இன்னும் கிடக்கு. பிறகு விசிறிய மெல்லமாச் சுத்திப் பாருங்கோ. அது வழுவழு எண்டு சுத்தாது, டக் டக்கெண்டு விட்டு விட்டுத்தான் சுத்தும், மோட்டர்ல காந்தம் இருக்கிறதால அப்பிடி. இத இறுகிப் போச்செண்டு நினைச்சு சும்மா பம்ப் மாத்தின ஆக்களும் இருக்கினம். ஒரேயடியா அசைய மாட்டனெண்டா ஏதோ சிக்கியிருக்கு. மூடிய திரும்ப வடிவா அமத்திப் பூட்டுங்கோ, அது இளகியிருந்தாலும் தண்ணி இழுக்காது. மெசின சுவரோட தள்ளேக்க பின்னால ஹோஸ் நெரிபட்டிருக்கோ எண்டும் ஒருக்காப் பாருங்கோ.

இப்ப பின்னேரக் கதை. உங்கட மெசினுக்கு நேரம் பாக்கத் தெரியாது, டாங்குக்குத்தான் தெரியும். காலமை மோட்டர் போட டாங் நிறைஞ்சிருக்கும், பின்னேரம் எல்லாரும் குளிச்சு முடிய அடியில கிடக்கும். தண்ணி 10 மீட்டர் உயரத்தில நிண்டாத்தான் 1 பார் அழுத்தம் வரும். கனக்க வீட்டு மெசின்கள் குறைஞ்சது 0.3 இல்லாட்டி 0.5 பார் கேக்கும். மாடியில்லாத வீடெண்டா டாங்குக்கும் மெசினுக்கும் இடையில 3, 4 மீட்டர்தான், அப்ப உங்களுக்குக் கிடைக்கிறதே 0.3, 0.4. மயிரிழையிலதான் ஓடிக்கொண்டு இருக்கு, டாங் கொஞ்சம் இறங்கினா மெசின் தண்ணி வரேல்லையெண்டு சொல்லி நிண்டுடும். மெசின் பைப்பத் திறந்து ஒரு 10 லீட்டர் வாளியப் பிடியுங்கோ, ஒரு நிமிசத்தில நிறைஞ்சா நல்லது, ரெண்டு நிமிசம் எடுத்தா விளங்கீட்டுது. அதோட ஹோஸ பைப்பில பூட்டிற வாயில விரல் நகம் அளவில ஒரு வலை இருக்கு, டாங்க் அடி மண்ணும் பாசியும் அதில பிடிச்சிருக்கும், குறட்டால மெல்லமா இழுத்துக் கழுவுங்கோ, கிழிச்சுப் போடாதேங்கோ.

நுரையால மெசின் சாகாது. நுரைய அள்ளி எறிஞ்சுபோட்டு கொஞ்சம் வினாகிரி விட்டு வெறும் தண்ணிக் கழுவல் ரெண்டு தரம் விட்டா முடிஞ்சுது. கசிஞ்ச தண்ணி கனக்க அடித்தட்டில சேந்திருந்தா மட்டும் அங்க இருக்கிற மிதவை மேல கிளம்பி, மெசின் ஒண்டும் செய்யாம கழிவு பம்ப மாத்திரம் விடாம ஓட்டிக்கொண்டு நிக்கும், சிலதில ஈ15 எண்டு காட்டும். உங்களுக்கு அது வரேல்ல, தப்பீட்டியள்.

வெள்ளைப் படையப் பற்றிப் பிறகு எழுதிறன். முதல்ல ஒரு கிளாஸ வினாகிரியில அரை மணித்தியாலம் ஊறப் போட்டுப் பாருங்கோ, படை போகுதோ இல்லையோ எண்டு வந்து சொல்லுங்கோ.

சாம்பல்தீவு அன்ரி:

தம்பி சொன்னது எல்லாம் சரி பிள்ளை, நான் பெண்டுகள் பக்கத்தால சொல்லுறன். பீங்கான பைப்பில கழுவிப்போட்டு மெசினுக்கு வைக்க வேண்டாம், பிறகென்னத்துக்கு மெசின், ஆனா முள்ளு, எலும்பு, சோத்துப் பருக்கை எல்லாம் வடிவா வழிச்சுக் கொட்டிப்போட்டு வைக்க வேணும். அந்த 30 நிமிசக் கெதிக் கழுவல விட்டிடுங்கோ, தேத்தண்ணிக் கோப்பைக்குச் சரி, மீன் சட்டிக்குச் சரிவராது, டாப்லெட் கரைஞ்சு முடியவே நேரம் காணாது. அலுமினியம் சட்டி ஒண்டும் வையாதேங்கோ, என்ர புட்டுப் பானை வெள்ளி மாதிரி இருந்தது, ஒரே ஒரு தரம் வைச்சன், தார்ச்சட்டி மாதிரி கறுத்துப்போய் வந்தது. நீத்துப்பெட்டி, சிரட்டை அகப்பை, மண்சட்டி இதுகளையும் வைக்கப்படாது. மஞ்சள் பிடிச்ச பிளாஸ்டிக் டப்பா வெள்ளையாகும் எண்டு நினைச்சு வைச்சா மற்ற டப்பாவும் மஞ்சளாகும்.

எங்கட கூத்தையும் கேளுங்கோ. கழிவுத் தண்ணி வீணாப் போகுது எண்டு மனுசன் சுவரில ஓட்டை போட்டு ஹோஸ வெளியில வாழையடிக்கு விட்டார். பிறகு மெசின் தண்ணி எடுக்குது எடுக்குது எடுத்துக்கொண்டே இருக்குது, பீங்கான் எல்லாம் வைச்சது வைச்ச மாதிரி ஊத்தையோட, வாழையடியில மட்டும் தண்ணி சளசளவெண்டு ஓடுது. ஹோஸ் வாய் நிலத்தில கிடந்தா தண்ணி தானா இழுபட்டுப் போயிடுமாம், அது முதல்ல ஒரு முழத்துக்கு மேல எழும்பிப் போய்த்தான் இறங்க வேணுமாம். சிங்க்குக்குக் கீழ ஆணியடிச்சு உயர்த்திக் கட்டினாப் பிறகுதான் சரியாச்சு. வாழை ஒண்டு பட்டும் போச்சு, அந்தப் பவுடர் சரியான காரம் போல.

பாலையூற்று:

எங்கட அண்ணை கனடாவில இருந்து கப்பல்ல போட்ட மெசின் ரெண்டு வருசமா சீலை மூடி நிக்குது. அது 120 வோல்ட் 60 ஹேர்ட்ஸ், இங்க 230க்கு 50. ட்ரான்ஸ்போமர் போட்டா வோல்ட் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது, மோட்டர் வேற வேகத்தில சுத்தும் எண்டு பாக்க வந்த கரண்ட் வேலை பாஸ் கைவிட்டிட்டார். இப்ப அம்மா அதுக்குள்ள வெங்காயம் வைக்கிறா. கட்டார்க்காரர் குடுத்து வைச்சவை, வோல்டும் பொருந்தும், 13 ஆம்ப் பிளக்கும் அதே பிளக்.

உப்புவெளிக்காரி:

அண்ணை கும்பிடுறன். நேத்து ரெண்டு பேருமா இருந்து கழட்டினம். வடிகட்டியப் பற்றி நான் கதைக்கேல்ல, மாமி பாக்க முதல் கழுவிப்போட்டன். மூடிய நெம்பினா விசிறி அசையுதே இல்ல, இவர் டோர்ச்ச வாயில கவ்விக்கொண்டு மயிர் பிடுங்கிற சாவணத்தால ஒரு கால் மணித்தியாலம் நோண்டினார், வந்தது என்னெண்டா நண்டுக்கால் ஓடு, நுனித் துண்டு, சின்ன விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிசு, விசிறி இதழுக்கும் சுவருக்கும் இடையில ஆப்பு அடிச்ச மாதிரி இறுகி நிண்டிருக்கு. பங்குனியில தம்பியாக்கள் வந்து நிக்கேக்க காய்ச்சின நண்டாத்தான் இருக்கோணும், அதுக்குப் பிறகு எங்கட வீட்ட நண்டு வரேல்ல. எடுத்துப்போட்டு ஓட விட்டம், கடைசியில கர்ர் எண்டு ஒரு இழுவை, தண்ணி முழுக்கப் போயிட்டுது! மாமி அந்த ஓட்ட ஒரு சோசர்ல வைச்சு வாறாக்கள் எல்லாருக்கும் காட்டுறா.

வாளி நிறைய 1 நிமிசம் 40 செக்கன் எடுத்தது, வலையில பாசி கட்டியா இருந்தது, கழுவினாப் பிறகு 1 நிமிசம் 5 செக்கன். ரெண்டு நாளாப் பின்னேரமும் ஓடுது. கிளாஸ வினாகிரியில போட்டன், போட்ட பாதி கண்ணாடி மாதிரி வந்திட்டுது, மற்றப் பாதி அப்பிடியே. ஆனா ஏன் கட்டார்ல வராத வெள்ளை இங்க வருது?

குறடும் திருப்புளியும்:

நண்டுக்கால் எனக்கும் புதுசு. இவ்வளவு நாளும் கிளாஸ் துண்டு, பல்லுக்குத்தி, தேசிக்காய் விதை, ஒருக்கா ஒரு தோட்டுச் சுரை, இதுகள்தான் கண்டிருக்கிறன்.

வினாகிரியில போகுதெண்டா அது சுண்ணாம்புப் படை, சந்தோசப்படுங்கோ. போகாட்டி கிளாஸே அரிச்சுப் போச்செண்டு அர்த்தம், அதுக்கு வைத்தியம் இல்ல. ஏன் கட்டார்ல வரேல்ல எண்டா, அங்க பைப்பில வாறது கடல் தண்ணிய உப்பு எடுத்த தண்ணி, சுண்ணாம்பு குறைவு. இங்க நீங்கள் குடுக்கிறது கிணத்துத் தண்ணி. உங்கட கேத்தலுக்குள்ள பாருங்கோ, அடியில வெள்ளையா ஓடு பிடிச்சிருக்கும், அதே சாமான்தான் கிளாஸிலயும்.

மெசின்ர அடியில வடிகட்டிக்குப் பக்கத்தில ஒரு பெரிய திருகு மூடி இருக்கும், அது உப்புப் போடுற இடம். உள்ளுக்க ஒரு வகை மணிகள் இருக்கு, அது தண்ணியில இருக்கிற சுண்ணாம்பப் பிடிச்சு வைக்கும், பிடிச்சு நிறைஞ்ச உடன மெசின் உப்புக் கரைசல விட்டுக் கழுவி மணிகளத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எவ்வளவுக்கு ஒருக்காக் கழுவ வேணும் எண்டத நீங்கள்தான் மெசினுக்குச் சொல்லவேணும், அதுக்குத்தான் தண்ணிக் கடினம் எண்டு ஒரு செட்டிங். அண்ணை கட்டார்ல அத ஆகக் குறைச்சதில விட்டிருப்பார், உப்பும் போட்டிருக்க மாட்டார், அங்க அதுக்கு அவசியமும் இருந்திராது. கொண்டு வந்த டாப்லெட்டுக்குள்ளயே கொஞ்சம் சுண்ணாம்ப மறிக்கிற மருந்து இருக்கிறதால முதல் மாசங்கள் சமாளிச்சிருக்கு, பவுடருக்கு மாறின உடன வெளிச்சிட்டுது. கேட்டுப் பாருங்கோ, நான் சொன்னது சரியாத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது: டிஷ்வாஷருக்கெண்டே பெரிய கல்லா வாற உப்பு வாங்குங்கோ. முதல் தரம் அந்த ஓட்டைக்குள்ள 1 லீட்டர் தண்ணி விட்டு பிறகு உப்பப் போடுங்கோ, புனல் வைச்சு. வெளியில சிந்தின உப்பத் துடைச்சுப்போட்டு உடனயே ஒரு கழுவல் ஓட விடுங்கோ, இராத்திரி போட்டுட்டு விடிய ஓட்டுவம் எண்டு விட்டா உப்புத் தண்ணி நிண்டு ஸ்டீல்ல கறள் பிடிக்கும். தண்ணிக் கடினம் பாக்கிற பேப்பர் கீற்று கிடைச்சா பாத்து செட்டிங்க ஏத்துங்கோ, கிடைக்காட்டி ஒண்டொண்டா ஏத்திக் கொண்டு போய் படை வராம நிண்டுபோற இடத்தில விடுங்கோ. கதவில பளபளப்பு மருந்து விடுற சின்ன மூடி இருக்கும், அதையும் நிரப்புங்கோ. ஏற்கெனவே பிடிச்சது போக சிட்ரிக் ஆசிட் நாலைஞ்சு மேசைக்கரண்டி அடியில போட்டு வெறும் மெசின ஒருக்கா ஓட விடுங்கோ. மேல கீழ சுத்திற கைகளையும் கழட்டி ஓட்டைகள ஈர்க்கால குத்தி விடுங்கோ, ஊசி வேண்டாம், ஓட்டை பெருத்தா தண்ணி வேற பக்கம் அடிக்கும்.

ஒண்டு மட்டும் நினைவில வைச்சிருங்கோ. இந்த உப்பு விளையாட்டு சுண்ணாம்புக்குத்தான், கடல் உவருக்கு இல்ல. கரையோரக் கிணறு ஆடி ஆவணியில கரிக்கத் தொடங்கும், அப்ப மணி என்ன செய்தாலும் புள்ளி விழும். வாட்டர் போர்ட் பைப்பும் வீட்டில இருந்தா மெசின அதில பூட்டுங்கோ, அது கந்தளாய்க் குளத்துத் தண்ணி, பொதுவாக் குளத்துத் தண்ணியில சுண்ணாம்பு குறைவு.

ஓர்ஸ்ஹில் பொடியன்:

ஊரின்ர பேரே உப்புவெளி, மெசினுக்குப் போட உப்பில்லையாம். பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பு ஒரு மூட்டை எடுத்துப் போடுங்கோ அக்கா.

குறடும் திருப்புளியும்:

தம்பி பகிடி விடுறார், ஆரும் உண்மையா எடுத்துப் போடாதேங்கோ. உப்பளத்துக் கல்லுப்பில மக்னீசியமும் கல்சியமும் மண்ணும் கிடக்கும், எதப் பிடிக்க மணி வைச்சமோ அதையே அள்ளிக் குடுக்கிற மாதிரி. கடைப் பைக்கெற் உப்பும் வேண்டாம், அது கட்டி பிடிக்காம இருக்கச் சேக்கிற சாமான் உள்ள அடைக்கும்.

கிண்ணியாப் பிள்ளை:

அஸ்ஸலாமு அலைக்கும். நானா, இதுக்குள்ள ஒரு கேள்வி கேட்டா கோவமில்லையே. எங்கட மெசின் போட்டு ஒரு பத்து நிமிசம் நல்லா ஓடும், பிறகு வீட்டு ட்ரிப் சுவிட்ச் டக்கெண்டு விழுந்திடும். வெறும் தண்ணிக் கழுவலுக்கு விழாது. மல்டி பிளக்கிலதான் போட்டிருக்கம், அதாலயா?

குறடும் திருப்புளியும்:

வ அலைக்கும் சலாம் தம்பி. மல்டி பிளக்க இண்டைக்கே கழட்டுங்கோ, சூடாக்கேக்க மெசின் 2000 வோட்டுக்குக் கிட்ட இழுக்கும், 9 ஆம்ப் வரும், தனி 13 ஆம்ப் பிளக் வேணும். ஆனா ட்ரிப் விழுறது அதால இல்ல. பச்சைத் தண்ணியில விழாம, சூடாக்கத் தொடங்கின உடன விழுறதெண்டா ஹீட்டர்ல கரண்ட் கசிஞ்சு ஏர்த்துக்குப் போகுது. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்புக்கே விழும், அது தன்ர வேலையத்தான் செய்யுது. ஆராவது ட்ரிப்ப பைபாஸ் பண்ணி விடுறன் எண்டு வந்தா வாசலோட அனுப்புங்கோ. வயரிங் பாஸ் ஒராள மெகரோட, அதுதான் கரண்ட் கசிவு பாக்கிற மீற்றரோட, கூப்பிட்டு ஹீட்டர் ரெண்டு முனைக்கும் ஏர்த்துக்கும் அளக்கச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் மெசின் பிளக்கைப் போட வேண்டாம்.

உப்புவெளிக்காரி:

இவரக் கேட்டன், செட்டிங் பூச்சியத்திலதான் இருந்திருக்கு. "உப்பு எண்டு ஒரு லைட் எரிஞ்சது, அது சும்மா எரியுது எண்டு நினைச்சன்" எண்டுறார். ரெண்டு வருசமும் எட்டு மாசமும் எரிஞ்சிருக்கு! உப்பு டவுன்ல மூண்டு கடை ஏறி இறங்கியும் இல்ல, கொழும்பில இருந்து வாற மச்சானிட்டச் சொல்லியிருக்கிறம், சனிக்கிழமை வரும். அதுவரைக்கும் கிளாஸ மட்டும் கையாலதான். ஆர் கழுவுறது எண்டு ஓர்ஸ்ஹில் தம்பி கேக்க முதல் நானே சொல்லுறன், லைட்ட சும்மா எரியவிட்ட ஆள்தான்.

கிண்ணியாப் பிள்ளை:

நானா, பாஸ் வந்து அளந்தவர். ஹீட்டர்தான்.